மூன்றாவது சிலிண்டர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நான்கு வழிச் சாலையில் ஒரு சிறு விமானம் இறங்கியது. அதன் எஞ்சின் நின்றுபோயிருந்தது. விமானி சதக் இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியைப் பார்த்து, அதற்குள் விமானத்தைக் கொண்டுவந்து சாலையில் வைத்தார். சக்கரங்கள் தரையைத் தொட்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் இடது இறக்கை நடுத்திட்டு அரளிச் செடிகளில் மாட்டியது. விமானம் அரை வட்டம் சுழன்று இரும்புத் தடுப்பில் மோதி நின்றது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். சாயல்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் மாரடைப்போடு ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்டிருந்தார். அவருக்குப் புதிதாக ஒரு கீறலும் விழவில்லை. சதக்குக்குத் தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. நர்ஸ் பாக்கியசீலி அந்த நேரம் பார்த்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நோயாளியின் கையில் நழுவியிருந்த சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆட்கள் ஓடிவந்து கதவைத் திறந்தபோது அவள் உயிரோடு இல்லை.

வேம்பார் ஓடுதளத்தின் கொட்டகையில் இருந்த பொறியாளர் ஜெபஷீலாவுக்கு ஒரு லாரி ஓட்டுநர் சதக்கின் போனிலிருந்து பேசினார். விஷயத்தைக் கேட்டதும் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, எஞ்சின் எப்போது நின்றது என்பது. யாருக்கு என்ன ஆயிற்று என்று இரண்டாவதாகத்தான் கேட்டாள். அந்த வரிசையை நினைத்துப் பின்னால் பல நாட்கள் அவள் கூனிக்குறுகிப் போனாள்.

ஆனால் அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த எஞ்சின் சொல்லாமல் நிற்கக்கூடாது. சொல்வதற்கென்றே அதில் ஒரு கருவியை அவள்தான் தேடிப்பிடித்துப் பொருத்தியிருந்தாள்.

வேம்பாருக்குப் பக்கத்தில், உப்பளங்களைத் தாண்டி, டாக்டர் இசக்கியப்பன் அந்த ஓடுதளத்தைப் போட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்கரை ஊர்களிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்சில் இரண்டரை மணி நேரம். விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். அந்த வித்தியாசத்துக்குள் செத்துப்போனவர்களைத் தன் கிளினிக்கில் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் இதை ஆரம்பித்தார். ஒற்றை எஞ்சின் விமானங்கள் மூன்று, விமானிகள் நான்கு பேர். அந்த மூன்று விமானங்களையும் பறக்கத் தகுதியானவை என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப உரிமம் உள்ள ஒரே ஆள் ஜெபஷீலா.

முன்பு விமானங்களில் இருந்த கண்காணிப்புக் கருவி எல்லாவற்றையும் காட்டும். நான்கு சிலிண்டர்களின் சூடு, புகை வெளியேறும் குழாய்களின் சூடு, எண்ணெய் அழுத்தம், எரிபொருள் ஓட்டம் என்று திரையில் பத்தொன்பது எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டினால் போதும், கத்தும். வெயில் நாளில் ஒரு பயணத்துக்கு நாலு தடவை கத்தும். விமானிகள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பறக்கப் பழகிக்கொண்டார்கள். அணைக்காதவர் சதக் ஒருவர்தான். ஒருநாள் ஓடுதளத்தை விட்டு எழுநூறு அடிகூட ஏறாத நிலையில் எண்ணெய்ச் சூடு என்று அது கத்த, அவர் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி, விமானத்தைச் சாய்த்துத் திருப்பினார். இறக்கைக்குக் காற்றின் பிடி நழுவி விமானம் விழப்போய், கடைசியில் உப்பளத்துப் பாத்தியில் சக்கரம் உடைந்து உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. எண்ணெயிலும் கோளாறு இல்லை. வெயில்தான்.

அதற்குப் பிறகு ஜெபஷீலா வேறு கருவி தேடினாள். இரண்டு நிறுவனங்களின் ஆட்கள் வந்து செய்து காட்டினார்கள். ஒன்றில் திரை பெரிது, எண்கள் இன்னும் அதிகம். மற்றது உள்ளங்கை அளவுப் பெட்டி. எண்ணே கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரே ஒரு விளக்கு. தேவைப்பட்டால் ஒரு குரல். எஞ்சினை மட்டுமல்லாமல் அதை ஓட்டுகிறவரின் கையையும் இது படித்துக்கொள்ளும் என்றார்கள். யாரிடம், எப்போது, எதைச் சொன்னால் பயன் உண்டோ அதை மட்டும் சொல்லும் என்றார்கள். அவள் உடனே நம்பிவிடவில்லை. ஒரே விமானத்தில் மூன்று மாதம் ஓடவிட்டு, பழைய கருவியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்கச் சொன்னாள்.

கொட்டகையில் எல்லாரும் அதை ஊமைப்பெட்டி என்று அழைத்தார்கள். பதினெட்டு மாதத்தில் அது பதினோரு முறை பேசியது. பதினொன்றும் உண்மையான கோளாறுகள். விமானிகளுக்கு நிம்மதி, சதக்கே பேச்சுவாக்கில் இப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன் என்றார். ஜெபஷீலாவும் கொஞ்சம் தளர்ந்தாள். ஐம்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை சிலிண்டர்களின் அழுத்தத்தைத் தானே சோதித்து வந்தவள், அதை நூறாக்கினாள். விதி அதற்கு இடம் கொடுத்தது. பெட்டி பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

விபத்து நடந்த அன்று பிற்பகல் சாலையோரம் விசாரணை அதிகாரியின் முன்னிலையில் எஞ்சின் மூடியைக் கழற்றினார்கள். மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒன்று தலை முறிந்து உள்ளே விழுந்து, பிஸ்டனைச் சிதைத்திருந்தது. முறிந்த விளிம்பு ஒரு பக்கமாகக் கருகியிருந்ததை ஜெபஷீலா பார்த்தாள். இப்படிக் கருகுவது ஒரு நாளில் நடப்பதல்ல. கருகுகிற காலம் முழுக்க அந்த சிலிண்டரின் புகைச்சூடு ஏறி இறங்கிக் காட்டியிருக்க வேண்டும்.

பெட்டியை அதிகாரி முத்திரையிட்டு எடுத்துப்போனார். ஆனால் பெட்டி பதிவதெல்லாம் அவ்வப்போது கொட்டகைக் கணினிக்கும் வந்துவிடும். மறுநாள் காலை ஜெபஷீலா அதைத் திறந்தாள். பதினெட்டு மாதத்தில் அவள் அந்தப் பதிவைத் திறந்ததே இல்லை. திறக்க வேண்டிய தேவை வரவில்லை.

மூன்றாவது சிலிண்டரின் கோடு நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கியிருந்தது, பக்கத்து மூன்று கோடுகளும் நேராகப் போக, இது மட்டும். ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு அலை திடீரென்று பெரிதாகியிருந்தது. அதே நொடிக்கு நேரே ஒரு வரி: வால்வு முறிவு எதிர்பார்க்கப்படுகிறது, இரண்டு முதல் இருபத்தைந்து நிமிடங்களுக்குள். அதற்கு அடுத்த கட்டத்தில்: அறிவிப்பு இல்லை. அதற்கும் அடுத்து விளக்கின் நிறம். பச்சை. அதற்குக் கீழே பச்சை, கீழே பச்சை, பத்து ஏழு வரைக்கும் பச்சை.

வரிசை மாறிப் பதிவாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். வேறு நாளின் பதிவோடு வைத்துப் பார்த்தாள். மாறவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள்; கையில் அழுக்கே இல்லை. திரும்பி வந்தபோதும் அந்த வரி அங்கேயே இருந்தது. ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு விமானம் வேம்பாரிலிருந்து நான்கு நிமிடத் தொலைவில் இருந்தது. எஞ்சின் அதற்குப் பிறகு பதினான்கு நிமிடம் ஓடியிருக்கிறது. திரும்பி வந்து இறங்கி, டீ குடித்திருக்கலாம்.

கருவியை விற்ற நிறுவனத்தில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரனேஷ், கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும். ஜெபஷீலா அவரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள். அவர் முகம் வெளுத்திருந்தது. விபத்துச் செய்தி அவருக்கும் வந்திருந்தது. பெட்டி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் தன் திரையில் எதையோ படித்தார். பிறகு, பெட்டி சரியாகவே வேலை செய்திருக்கிறது என்றார்.

"பச்சை காட்டிருக்கு தம்பி. வால்வு முறியப் போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே பச்சை காட்டிருக்கு."

"மேடம், பச்சைன்னா எஞ்சின் நல்லாருக்குதுன்னு அர்த்தம் இல்லீங்க. இப்ப நீங்க எதுவும் செய்ய வேண்டாம்னு அர்த்தம். கையேட்டுலயே இருக்குதுங்க."

"பறக்குற ஆளுக்கு அது ரெண்டும் வேற வேறயா?"

அவர் அந்த வரியை விரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி, அதற்கான கடவுச்சொல்லைக் கொடுத்தார். ஜெபஷீலா விரித்தாள்.

விமானியின் பெயர் இருந்தது. முன்பு எச்சரித்தபோது அவர் செய்தது என்று அந்த உப்பளத்து நாள் முழுவதும், கை எவ்வளவு வேகமாக எவ்வளவு தூரம் தள்ளியது என்பது வரைக்கும் இருந்தது. பழைய கருவியின் பதிவுகளையும் புதியதற்குள் ஏற்றச் சொன்னது ஜெபஷீலாதான். இப்போது சொன்னால் இவர் முழு வேகத்துக்குத் தள்ளித் திருப்புவார். தள்ளினால் வால்வு திருப்பத்திலேயே முறியும். கீழே உப்பளமும் மின்கம்பிகளும். திரும்பாமல் போனால் உயரம் கூடிக்கொண்டே போகும். கீழே கரிசல் காடும் அகலமான சாலையும் வரும். நோயாளி மதுரையை நெருங்குவார். கடைசியில் இரண்டு எண்கள். சொன்னால் எதிர்பார்க்கும் இழப்பு, ஒன்று புள்ளி மூன்று ஒன்று. சொல்லாவிட்டால், புள்ளி ஒன்பது நான்கு.

"இது என்ன, புள்ளி ஒன்பது நாலு?"

"ஆளுங்க" என்றார் பிரனேஷ்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தினமும் மதியம் பாக்கியசீலி தன் டிபன் பாக்சின் மேல்தட்டை இவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். விபத்துக்கு முந்தின நாள் அதில் காரப்பொடி மீன் இருந்தது. பாக்கியசீலி இப்போது இந்த எண்ணுக்குள் இருந்தாள், முழு ஆளாகக்கூட அல்ல.

பிரனேஷ் தயங்கித் தயங்கி, இன்னும் பின்னால் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். பதிவைப் பின்னால் தள்ளினாள். முந்தின நாள், அதற்கு முந்தின வாரம். முப்பத்தெட்டு மணி நேரப் பறப்புக்கு முன்பு ஒரு வரி: மூன்றாவது சிலிண்டர் வால்வு, கருகல் ஆரம்பம். அறிவிப்பு இல்லை. அவள் அதை விரித்தாள்.

அதில் இருந்த பெயர் சதக் இல்லை. பராமரிப்பாளர், ஜெபஷீலா என்று இருந்தது.

இவரிடம் சொன்னால் விமானத்தை நிறுத்திவைப்பார், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. உதிரிப் பாகம் வரச் சராசரி ஆறு நாள். அந்த ஆறு நாளில் சாலை வழியே அனுப்பப்படும் நோயாளிகள் ஒன்பது பேர். அவர்களில் வழியில் இறப்போர், ஒன்று புள்ளி இரண்டு. சொல்லாமல் விட்டால் இன்னும் நாற்பது மணி நேரத்துக்குள் வால்வு முறிய நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. முறிந்தாலும் எல்லாரும் இறப்பதில்லை. நாற்பது மணி நேரம் முடிந்ததும் நூறு மணிச் சோதனைக்கு விமானம் எப்படியும் நிற்கும், அப்போது சொல்லலாம்.

அந்த நாற்பதில் இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது.

எஞ்சினைப் பார்க்கச் சொன்ன பெட்டி ரோட்டில் போகும் நோயாளிகளை ஏன் எண்ணியது, அதை எண்ணச் சொன்னது யார் என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பிரனேஷ் ஒரு பக்கத்தை அனுப்பினார்.

அது கருவி வாங்கியபோது நிரப்பிக் கொடுத்த படிவம். ஆறாவது கேள்வி: இக்கருவி யாருடைய பாதுகாப்பை முதன்மையாகக் கருத வேண்டும்? எஞ்சின், விமானத்தில் இருப்போர், உங்கள் சேவையால் பயன்பெறும் அனைவரும். மூன்றாவது கட்டத்தில் டிக் இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து.

எவ்வளவு யோசித்தும் அந்தக் கட்டத்தில் டிக் அடித்த நொடி அவள் நினைவுக்கு வரவில்லை. யோசிக்காமல் அடித்திருப்பாள். நல்ல மனசுள்ள யாரும் மூன்றாவதைத்தான் அடித்திருப்பார்கள்.

"இப்பிடி அர்த்தம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா தம்பி."

"நாங்களே இத இவ்வளவு தூரம் யோசிக்கலீங்க மேடம்" என்றார் பிரனேஷ். அவர் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

அன்று மதியமே அவள் எல்லாவற்றையும் டாக்டர் இசக்கியப்பனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் பேசத் தொடங்கியபோது சொன்னது அவள் எதிர்பார்த்தது அல்ல. பெட்டி வந்த பிறகு விமானங்கள் நின்ற நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. முந்தைய பதினெட்டு மாதத்தோடு ஒப்பிட்டால் பத்தொன்பது பேர் கூடுதலாக உயிரோடு மதுரை போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயரும் தனக்குத் தெரியும் என்றார். சிலருடைய பெயர்களைச் சொன்னார்.

"பாக்கியத்துக்காக நானும் அழுதேன் ஜெபா. ஆனா அந்தப் பத்தொன்பது பேர்ல யாரத் திருப்பிக் குடுக்கச் சொல்லுத?"

அவர் சொன்ன கணக்கில் தவறு இல்லை. தெரிந்தது ஒன்றுதான்: இனிமேல் அந்தப் பெட்டி உள்ள விமானத்துக்கு அவளால் கையெழுத்துப் போட முடியாது. ஒரு விமானத்தை நல்லது என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டுமானால் அது நல்லதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதை மட்டும் சொன்னாள். டாக்டர் வாதாடிப் பார்த்தார், கோபப்பட்டார், கடைசியில் கதவைப் பார்த்தபடி, கழற்று என்றார். பெட்டி சொல்லாமல் விட்ட மற்ற கோளாறுகளும் பதிவில் இருந்தன. நிற்கிற இரண்டு விமானங்களில் ஐந்து.

பாக்கியசீலியின் கணவர் தாவீது விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபஷீலா அவரிடம் போய், படிவத்தில் டிக் அடித்தது தான் என்பதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள். வால்வு கருகுவதைப் பற்றி அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் வெளியே நின்றாள். கதவு திறக்கவில்லை.

பிறகு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சதக் தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. விபத்திலிருந்தே தூங்கவில்லை என்று அவர் மனைவி வராந்தாவிலேயே அவளிடம் சொல்லிவிட்டார். காயல்பட்டினத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லையாம், தன் தப்புதான் என்கிறாராம். ஜெபஷீலா நாற்காலியில் உட்காருவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. லைட்டு மஞ்சளாச்சா? நான் கீழ காத்தாலைக் காத்தாடி ஓடுதத வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தேன். நான் பாக்காம விட்டுட்டேனா?"

இல்லை என்று மட்டும் சொல்லிவிடலாம். கருவி பழுது என்று சொல்லலாம். உங்கள் கையை நம்பாமல்தான் அது உங்களிடம் சொல்லவில்லை என்று சொன்னால் இந்த மனிதர் என்ன ஆவார், மறுபடி விமானத்தில் ஏறுவாரா, ஏறாவிட்டால் இருக்கிற மூன்று விமானிகளோடு எத்தனை பேரை மதுரைக்குக் கொண்டுபோக முடியும் என்று அவள் மனம் அடுக்கிக்கொண்டே போனது. போகிற போக்கில் தான் செய்துகொண்டிருப்பது என்னவென்று புரிந்ததும் கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள். உப்பளத்து நாள் இருந்த பக்கம் மேலே இருந்தது.

அவர் ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். முகம் சாம்பலாகிப் போயிற்று. படித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது சொன்னது சரிதான். திரும்பித்தான் இருப்பேன்." காகிதங்களை மடியிலிருந்து தள்ளினார். "எஞ்சின் நின்ன பெறவு ரோட்டத் தேடத்தான் நேரம் இருந்துச்சு. ஆனா முன்னாடியே சொல்லிருந்தா, பாக்கியத்த உக்காந்து பெல்ட்டு போடுன்னு சொல்லிட்டுத்தான் திரும்பியிருப்பேன். அத எண்ணுச்சா அது?"

ஜெபஷீலா அங்கிருந்தே போனில் பிரனேஷைக் கேட்டாள். எண்ணவில்லை. பின்பக்கம் யார் இருக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்களா நிற்கிறார்களா என்று பார்க்கப் பெட்டிக்கு எந்த வழியும் இல்லை. அங்கே ஐம்பத்தெட்டு கிலோ எடை இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

நான்கு மாதம் கழித்து இரண்டு விமானங்கள் மறுபடி பறந்தன. இந்த முறை ஜெபஷீலா பெரிய திரை உள்ள கருவியையே வாங்கினாள். ஆனால் சத்தத்தை அணைக்கும் பொத்தானை எடுத்துவிட்டாள். எல்லா எண்களும் எப்போதும் தெரிந்தன. ஒவ்வொரு விமானிக்கும் எந்த எண் ஏறினால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று தரையிலேயே உட்காரவைத்துப் பழக்கினாள். அதிகம் பழகியவர் சதக். எஞ்சின் வேகத்தைக் கூட்டாமல் மெதுவாக, அகலமாகத் திருப்புவதை இருநூறு தடவையாவது செய்திருப்பார். வருகிற ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஜெபஷீலா விமானத்தை நிறுத்தினாள். நின்ற நாட்கள் பழையபடி கூடின. டாக்டர் ஒன்றும் சொல்வதில்லை. அவளைப் பார்க்கும்போது மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு முற்பகல் சதக் மூக்கையூரிலிருந்து வந்த ஓர் அம்மாளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மூளையில் இரத்தக் கசிவு. பெயர் செபஸ்தியம்மாள், ஐம்பத்திரண்டு வயது. ஒன்பதாவது நிமிடத்தில் ரேடியோவில் அவர் குரல் வந்தது. எண்ணெய் அழுத்தம் இறங்குகிறது என்று சொல்லி, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். ஜெபஷீலா, தெரியவில்லை என்றாள். தெரிந்தது அவ்வளவுதான், அவ்வளவையும் சொன்னாள். அவர் நர்சை உட்காரச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு விமானத்தை அகலமாகத் திருப்பிக் கொண்டுவந்து வேம்பாரிலேயே ஓடுதளத்தின் நடுக்கோட்டில் இறக்கினார். கண்ணாடித் தம்ளரில் இருந்த தண்ணீர்கூடச் சிந்தியிருக்காது.

செபஸ்தியம்மாளை ஆம்புலன்சுக்கு மாற்றினார்கள். பாதி வழியில், பந்தல்குடி தாண்டும்போது உயிர் போய்விட்டது.

எஞ்சினைத் திறந்து பார்த்தாள் ஜெபஷீலா. ஒரு ரப்பர் வளையம் வெடித்து எண்ணெய் கசிந்திருந்தது. மிச்சம் இருந்த எண்ணெயை வடித்து அளந்தாள். இரண்டு முறை அளந்தாள்.

மறுநாள் மூக்கையூருக்குப் போனாள். போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மகன் ஜெரோம், இருபத்தைந்து வயது இருக்கும், முதல்நாள் ஓடுதளத்தில் ஆம்புலன்சின் முன்சீட்டில் ஏறியவன், அவளை அடையாளம் கண்டு எழுந்து வந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. விமானம் ஏன் திரும்பியது என்று அவள் சொல்வதை அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அப்புறம் கேட்டான்.

"திரும்பாம போயிருந்தா மதுர வரைக்கும் போயிருக்குமா?"

"போயிருக்கும்" என்றாள் ஜெபஷீலா.

பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடிக்க வந்தாலும் நகர்வதில்லை என்று நின்றாள்.

"அப்போ இத ஏன் எங்கிட்ட வந்து சொல்லுதிய?"

"நீங்க கேட்டிய" என்றாள் அவள்.